‘டிஸ்கஸ் அபவுட்’ மட்டும்தான் தப்பா?

ப்ளேஸ்மென்ட் சீசன் நெருங்கினாலே நம்ம வாட்ஸ்அப் குரூப்புகளில் ஒரு பிடிஎஃப் சுத்த ஆரம்பிச்சிடும். ஆங்கிலத்தில் நாம் அடிக்கடி செய்யும் பிழைகள் என்று ஒரு நீண்ட பட்டியல். திறந்து பார்த்தால் பாதிக்கு மேல் ப்ரிபோசிஷன்தான். ‘டிஸ்கஸ் அபவுட்’ தப்பு, ‘மேரீட் வித்’ தப்பு, ‘குட் இன் மேத்ஸ்’ தப்பு. ராத்திரி முழுக்க உட்கார்ந்து உருப்போட்டுவிட்டு, மறுநாள் ஒரு மெயில் அடிக்க உட்கார்ந்தால் எல்லாம் காற்றில் போயிருக்கும்.

அது உங்க மூளையின் குறை இல்லை. அந்தப் பட்டியல், ரெண்டு வேறு வேறு சமாச்சாரத்தை ஒரே மூட்டையில் கட்டிக் கொடுக்கிறது. மூட்டையைப் பிரித்தால் பாதி பயம் போயிடும் என்பது என் கருத்து.

முதல் வகை, அர்த்தத்தையே மாற்றிவிடும் ப்ரிபோசிஷன்கள். லேப் ரெக்கார்டில் ‘டெம்பரேச்சர் இன்க்ரீஸ்ட் பை 40 டிகிரி’ என்று எழுதுறீங்க. அப்படின்னா இருந்ததைவிட 40 டிகிரி கூடியது. ‘இன்க்ரீஸ்ட் டு 40 டிகிரி’ என்று எழுதினால், ஏறிப்போய் 40-ல் நின்றது. ஆரம்ப வெப்பநிலை 30 டிகிரி என்றால் முதல் வாக்கியப்படி இப்போது 70, இரண்டாவது வாக்கியப்படி 40. ஒரு குட்டிச் சொல் மாறியதில் 30 டிகிரி வித்தியாசம்.

சர்க்யூட்டுக்கு வாங்க. வோல்டேஜ் எப்போதும் ‘அக்ராஸ்’ தி ரெசிஸ்டர், கரண்ட் எப்போதும் ‘த்ரூ’ தி ரெசிஸ்டர். யாராவது ‘வோல்டேஜ் த்ரூ தி ரெசிஸ்டர்’ என்று எழுதினால், அதை இங்கிலீஷ் தப்பு என்று மட்டும் சொல்ல முடியாது. அது இயற்பியல் தப்பு. வோல்டேஜ் என்பது ரெண்டு புள்ளிகளுக்கு இடையே இருக்கும் வித்தியாசம், அது எதன் வழியாகவும் ஓடாது. அதனால்தான் வோல்ட்மீட்டரை ரெண்டு முனைகளுக்கும் குறுக்கே பேரலலாக வைக்கிறோம், அம்மீட்டரை கரண்ட் உள்ளே புகுந்து போகிற மாதிரி சீரிஸில் வைக்கிறோம். மீட்டரை எப்படி மாட்டணும் என்பதையே அந்த ப்ரிபோசிஷன் சொல்லிவிடுகிறது.

இன்னொன்று, தேதி. ‘தி சர்வர் வில் பி டவுன் அண்டில் ஃப்ரைடே’ என்றால் வெள்ளி வரைக்கும் சர்வர் வேலை செய்யாது, அப்புறம் சரியாகும். ‘பை ஃப்ரைடே’ என்றால் இப்போது ஓடுகிறது, வெள்ளிக்குள் படுத்துவிடும். முதல் மெயிலைப் படிப்பவர் வெள்ளி வரை காத்திருப்பார். ரெண்டாவதைப் படிப்பவர் இன்றைக்கே எல்லாவற்றையும் பேக்கப் எடுக்க ஓடுவார்.

சரி, இந்த வகையை எப்படிக் கற்றுக்கொள்வது? உங்களுக்கு ஏற்கனவே தெரியும் என்பதுதான் வேடிக்கை. தமிழில் யோசிச்சுப் பாருங்க. ‘40 டிகிரி கூடிச்சு’, ‘40 டிகிரியா கூடிச்சு’. ரெண்டும் வேற என்று உங்களுக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. ‘வெள்ளிக்குள்ள முடிச்சுக் கொடு’ என்றால் ‘பை’, ‘வெள்ளி வரைக்கும் இரு’ என்றால் ‘அண்டில்’. ‘நாலு வருஷமா இங்கே இருக்கேன்’ என்றால் ‘ஃபார்’, ‘2022-லேர்ந்து இருக்கேன்’ என்றால் ‘சின்ஸ்’. தமிழ்வழியில் படித்தவர்கள் பள்ளியிலேயே ‘மின்தடைக்குக் குறுக்கே மின்னழுத்த வேறுபாடு, மின்தடை வழியே மின்னோட்டம்’ என்று எழுதியிருப்பீர்கள். அதே ‘அக்ராஸ்’, அதே ‘த்ரூ’தான்.

‘தமிழ்ல யோசிக்காதே, இங்கிலீஷ்ல யோசி’ என்று நமக்கு ஓயாமல் அறிவுரை கிடைக்கிறது. இந்த இடத்தில் அந்த அறிவுரை உதவாது. அர்த்தம் மாறுகிற இடத்தில் தமிழில் ஒரு தடவை சொல்லிப் பார்ப்பதுதான் சரியான சோதனை.

இரண்டாவது வகை வெறும் வழக்கம். ‘டாக் அபவுட்’ சரி, ‘டிஸ்கஷன் அபவுட்’ சரி, ‘டிஸ்கஸ் அபவுட்’ மட்டும் கூடாது. ‘கன்சிஸ்ட்ஸ்’ பின்னால் ‘ஆஃப்’ வேண்டும், ‘கம்ப்ரைசஸ்’ பின்னால் வேண்டாம். ‘ரிக்வெஸ்ட்’ பெயர்ச்சொல்லாக வந்தால் ‘எ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்’, வினைச்சொல்லாக வந்தால் ‘ஐ ரிக்வெஸ்ட் லீவ்’. ‘சீனியர்’ என்றால் ‘தேன் மீ’ கிடையாது, ‘டு மீ’. காருக்குள் உட்கார்ந்தால் ‘இன் எ கார்’, பஸ்ஸுக்குள் உட்கார்ந்தால் ‘ஆன் எ பஸ்’. ஏன் என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், ‘அப்படித்தான் சொல்லுவாங்க’.

இங்கே தமிழ் கைகொடுக்காது. நமக்கு ரூம்ல, டேபிள்ல, பஸ் ஸ்டாப்ல என்று எல்லாவற்றுக்கும் ஒரே ‘இல்’ போதும். அவர்கள் ‘இன்’, ‘ஆன்’, ‘அட்’ என்று மூன்றாகப் பிரிக்கிறார்கள். ஆனால் காரணம் கேட்க முடியாத வழக்கம் நம்மிடமும் நிறைய உண்டு. ‘நாய்க்குப் பயந்தேன்’ என்கிறோம், ‘நாயை வெறுத்தேன்’ என்கிறோம். பயத்துக்கு ஏன் ‘கு’, வெறுப்புக்கு ஏன் ‘ஐ’? தமிழ் கற்கும் வெளிநாட்டுக்காரர் கேட்டால் நாமும் ‘அப்படித்தான் சொல்லுவோம்’ என்றுதான் சொல்வோம். பழைய ஆங்கிலத்திலும் நம் வேற்றுமை உருபு மாதிரி பெயர்ச்சொல்லின் வாலில் ஒட்டுகிற விகுதிகள் இருந்தன. காலப்போக்கில் அவை பெரும்பாலும் தேய்ந்துபோக, அந்த வேலையில் பெரும்பகுதி ப்ரிபோசிஷன் தலையில் விழுந்தது. அதனால் ஒவ்வொரு வினைச்சொல்லும் தனக்கென்று ஒரு துணையைப் பிடித்து வைத்திருக்கிறது.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுபவர்களுக்குள்ளேயே இதில் ஒற்றுமை இல்லை. வாரக் கடைசியை பிரிட்டிஷ்காரர் ‘அட் தி வீக்எண்ட்’ என்பார், அமெரிக்கர் ‘ஆன் தி வீக்எண்ட்’ என்பார். வாக்கியத்தை ப்ரிபோசிஷனில் முடிக்கவே கூடாது என்று ஒரு விதியைச் சொல்லி மிரட்டுவார்கள். ஜான் டிரைடன் என்ற கவிஞர் 1672-ல் பென் ஜான்சனின் எழுத்தில் அதைக் குற்றமாகச் சுட்டிக்காட்டினார். பிறகு வந்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அவருக்கு முன்னாலும் பின்னாலும் நல்ல எழுத்தாளர்கள் தாராளமாக அப்படி எழுதியிருக்கிறார்கள்.

‘அப்ப இன்டர்வியூல டிஸ்கஸ் அபவுட்னு சொன்னா பரவாயில்லையா?’ என்று கேட்பீர்கள். திருத்திக்கொள்ளுங்கள், அதில் சந்தேகமே இல்லை. ரெஸ்யூமேவில் இருக்கிற ஒரு ‘அபவுட்’, படிப்பவர் கண்ணை உறுத்தும். ஆனால் பட்டியலாக மனப்பாடம் செய்யாதீங்க. ‘டிபென்ட்’ என்று தனியாகக் கற்காமல் ‘டிபென்ட் ஆன்’ என்று ஒரே சொல்லாகக் கற்றுக்கொள்ளுங்கள். மாணவர்களுக்கான ஆங்கில அகராதிகளில் சொல்லுக்குப் பக்கத்திலேயே அதன் துணையும் போட்டிருக்கும். உங்க துறையின் பாடப்புத்தகம், டேட்டாஷீட் படிக்கும்போது ‘ப்ரொபோர்ஷனல் டு’, ‘இன் சீரிஸ் வித்’, ‘வித் ரெஸ்பெக்ட் டு’ மாதிரி ஜோடிகளை அடிக்கோடு போடுங்க. நாம் தினம் எழுதுகிற ஜோடிகள் மொத்தமே ஒரு நோட்டின் சில பக்கம்தான் வரும்.

எனக்கு வருத்தம் வேறு இடத்தில். வகுப்பில் எழுந்து செமினார் எடுக்கும் ஒருத்தர் ‘டிஸ்கஸ் அபவுட்’ என்றதும் பின் பெஞ்சில் ஒரு சிரிப்பு கேட்கும். அவர் அதற்கப்புறம் வாயே திறக்க மாட்டார். அதே வகுப்பில் ‘இன்க்ரீஸ்ட் பை’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘டு’ போட்ட ரெக்கார்டை அஞ்சு பேர் அப்படியே காப்பி அடித்திருப்பார்கள். அதைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை, ஏனென்றால் அந்த வாக்கியம் இலக்கணப்படி சுத்தமாக இருக்கிறது.

இன்றைய கிராமர் செக்கர்களின் கதையும் இதுதான். ‘டிஸ்கஸ் அபவுட்’ அடித்தால் உடனே கோடு போட்டுக் காட்டும். ஆனால் உங்க தெர்மாமீட்டர் 40 டிகிரி ஏறியதா, 40 டிகிரிக்கு ஏறியதா என்பது அதற்குத் தெரியாது. அந்த லேபில் நின்றது நீங்கள்தான்.

அதனால் அடுத்த ரெக்கார்டையோ ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டையோ சப்மிட் செய்வதற்கு முன்னால் ஒரு பத்து நிமிஷம் ஒதுக்குங்க. எண், தேதி, மீட்டர் வருகிற வாக்கியங்களை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றையும் தமிழில் சொல்லிப் பாருங்க. நீங்க நினைத்ததும் எழுதியதும் ஒன்றாக இருந்தால் கொடுத்துவிடலாம். மிச்சத்தை சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்ளும். பின் பெஞ்சுக்காரர் சிரித்தால், அவர் ரெக்கார்டையும் ஒரு தடவை வாங்கிப் பாருங்க.