சுவரொட்டிக்கு ஒரு சட்டம், செல்போனுக்கு ஒரு சட்டமா?

(நமது பகுதி நேர நிருபர்)

திருவனந்தபுரம்: தேர்தல் நேரத்தில் சாலைக் கடைவீதியில் ஒட்டப்படும் சுவரொட்டியின் அடியில், பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயரும் வெளியிடுபவரின் பெயரும் முகவரியுடன் இருக்கும். அதை யாரும் நின்று படிப்பதில்லை. ஆனால் அது இல்லாவிட்டால், 1951-ம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127-ஏ பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, அல்லது 2 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. மாநிலத் தலைநகரில் அச்சிட்டால் ஒரு பிரதி தலைமைத் தேர்தல் அதிகாரிக்கும் போக வேண்டும்.

அதே வேட்பாளரைப் புகழ்ந்து ஒரு யூடியூப் பிரபலம் பேசுகிறார். லட்சம் பேர் பார்க்கிறார்கள். மனதாரப் பேசினாரா, பணம் வாங்கிப் பேசினாரா? யாருக்கும் தெரியாது. 127-ஏ பிரிவு அச்சிட்ட காகிதத்தோடு நின்றுவிடுகிறது.

ஓட்டை எங்கே?

விதியே இல்லை என்பதல்ல. சமூக ஊடகப் பிரசாரச் செலவு, அதைத் தயாரிப்பவர்களின் சம்பளம் உட்பட, வேட்பாளரின் கணக்கில் வர வேண்டும் என்று 2013 அக்டோபர் 25-ந் தேதியே தேர்தல் கமிஷன் உத்தரவிட்டது. ஆனால் வேட்புமனு தாக்கல் செய்த நாள் முதல் முடிவு அறிவிக்கும் நாள் வரை ஆகும் செலவுக்குத்தான் கணக்கு. ஆறு மாதம் முன்பே முடிந்துவிட்ட பிரசாரம் அதில் வராது. கட்சியின் பொதுப் பிரசாரச் செலவுக்கோ உச்சவரம்பே கிடையாது.

கணக்கைப் பிடித்தால் பலன் உண்டு. பத்திரிகையில் பணம் கொடுத்து வெளியிட்ட செய்தியின் செலவை மறைத்ததற்காக, உத்தரப் பிரதேசத்தின் பிசௌலி தொகுதி எம்.எல்.ஏ. உம்லேஷ் யாதவ் 2011-ல் 3 ஆண்டுகளுக்குத் தகுதி இழந்தார்.

பேச்சைப் பிடித்தால் என்ன ஆகும் என்பதைக் கேரளமே கண்டது. 2020 நவம்பரில் போலீஸ் சட்டத்தில் 118-ஏ பிரிவைச் சேர்த்து, அவதூறுக்கு 3 ஆண்டு வரை சிறை என்று அவசரச் சட்டம் வந்தது. யார் வாயையும் அடைக்கலாம் என்று எதிர்ப்பு கிளம்பவே, சில நாட்களில் அரசு பின்வாங்கியது.

ஆகவே பேச்சுக்குப் பூட்டு வேண்டாம். பணத்துக்குப் பெயர் வேண்டும். சோப்பைப் புகழும் பிரபலம், பணம் வாங்கியதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று மத்திய நுகர்வோர் துறை 2023 ஜனவரியில் நெறிமுறை வகுத்தது. அதே வரி அரசியல் வீடியோவின் தலையிலும், கொடுத்தவர் பெயரோடு இருக்கட்டும். தேர்தல் இல்லாத காலத்துக்கும், பணம் கொடுப்பது அரசாங்கமே ஆனாலும், அது பொருந்தட்டும். தண்டனை முதலில் கொடுத்தவருக்கு.

தமிழிலும் மலையாளத்திலும் வீடியோ வந்து குவியும் நம்மவர்களுக்கு இது இரட்டிப்புத் தேவை. சோப்புக்கு வேண்டிய நாணயம் ஓட்டுக்கு வேண்டாமா?