மூன்றாம் வகுப்புப் பெட்டி எங்கே?

தென்பெண்ணைக் கரையிலுள்ள மூங்கில்துறைப்பட்டில் சர்க்கரை ஆலை உண்டு, இருப்புப்பாதை இல்லை. தொடர்வண்டி ஏற வேண்டுவோர் திருவண்ணாமலைக்கோ திருக்கோவிலூருக்கோ சின்னசேலத்திற்கோ செல்லுதல் வேண்டும். முன்னாளில் அவ்வூர்களின் வழியே ஓடியவை மீட்டர் பாதையின் சிறு பெட்டிகள். 1992இல் இந்திய இரயில்வே தொடங்கிய ஒரே அகலப்பாதைத் திட்டம் அவற்றிற்கு விடை கொடுத்தது. பெரும்பாலானவை உடைத்து விற்கப்பட்ட பழைய இரும்பாயின.

எஞ்சியவற்றுள் நாம் எவற்றைப் போற்றுகின்றோம்? 1977இல் திறக்கப்பெற்ற தில்லி இரயில் அருங்காட்சியகத்தில் 1875ஆம் ஆண்டின் வேல்சு இளவரசர் பெட்டியும் மைசூர் மன்னரின் பெட்டியும் காட்சி தருகின்றன. 1855இல் உருவான நீராவிப் பொறியொன்றைப் பெரம்பூர்ப் பணிமனைத் தொழிலாளர் 2010இல் மீண்டும் ஓடச் செய்தனர். அருஞ்செயல்தான்! ஆயினும் மன்னர் ஏறிய பெட்டியைக் காக்கும் நாடு, மக்கள் ஏறிய பெட்டியை மறக்கலாமா? காந்தியடிகள் 1917இல் தனிநூலே எழுதும் அளவிற்கு இழிநிலையில் இருந்தது மூன்றாம் வகுப்பு. அந்த மரப்பலகையில் நெருக்கியமர்ந்து சென்றோரே இந்நாட்டின் பெரும்பான்மையோர். 1921 நவம்பரில் திரூரிலிருந்து காற்றுப்புகாத சரக்குப் பெட்டியில் அடைத்து அனுப்பப்பட்ட கைதிகளுள் அறுபதுக்கும் மேற்பட்டோர் மூச்சுத் திணறி மாண்டனர். போத்தனூரில் கதவு திறக்கப்பட்டபோதுதான் அக்கொடுமை வெளிப்பட்டது. மாண்டோருள் மிகப் பெரும்பாலோர் மாப்பிள்ளை முஸ்லிம்கள். பெட்டியும் வரலாற்றுச் சான்றே அன்றோ!

அரசே அனைத்தையும் செய்யட்டும் எனக் காத்திருத்தல் தகாது. வேல்சு நாட்டின் தாலிலின் இருப்புப்பாதையை 1951 முதல் தன்னார்வலர்களே நடத்தி வருகின்றனர். ஆசிரியரும் எழுத்தரும் விடுமுறையில் வந்து தண்டவாளம் பதிக்கின்றனர். நம் நாட்டிலோ பழைய பெட்டிக்குப் பளபளப்பான வண்ணம் பூசி உணவகமாக்குகின்றனர். பசியாறலாம், வரலாறு அறிய முடியாது. மரப்பெட்டியைச் செப்பனிடுவோர் முதலிற் செய்ய வேண்டுவது வண்ணம் பூசுதலன்று, சுரண்டுதல். அடுக்கடுக்கான பூச்சுகளைச் சிறிது சிறிதாய் நீக்கினால் முதல் வண்ணம் தெரியும். கூரையின் நீர்க்கசிவை அடைத்து, மரமும் இரும்பும் சேரும் மூட்டுகளை ஆராய்தல் வேண்டும். உளுப்பு அங்கேதான் தொடங்கும். உளுத்த பகுதியை மட்டும் வெட்டி, அவ்வகை மரத்தையே ஒட்டுப் போடுதல் முறை. இதனை நம் தச்சர்க்குக் கற்பிக்க வேண்டுவதில்லை.

கள்ளக்குறிச்சி மாவட்டம் உருவானது 2019இல். இம்மாவட்டத்திற்கென அருங்காட்சியகம் அமையுமாயின், அதன் முற்றத்தில் ஒரு மீட்டர் பாதைப் பெட்டி நிற்றல் வேண்டும். ஓய்வுபெற்ற இரயில்வே தச்சரும் கொல்லரும் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். நம் மாணவர்கள் அவர்களிடம் உளி பிடிக்கக் கற்பதற்கு இதுவே காலம். பத்தாண்டு கழித்துத் தேடினால் பெட்டி கிடைக்கலாம், அவர்கள் கிடைக்கமாட்டார்கள்.