வேலைக்குப் போய்வர ஒரு கூட்டுத் திட்டம்

நூலைச் சேர்ந்து வாங்கக் கற்றோம். துணியைச் சேர்ந்து விற்கக் கற்றோம். ஜவ்வரிசிக்கு நியாயமான சந்தை வேண்டுமென்று 1981ஆம் ஆண்டில் சேலத்தில் சேகோசர்வ் என்னும் கூட்டுறவு ஸ்தாபனம் தோன்றியது. ஆனால் இவற்றையெல்லாம் உண்டாக்கும் கைகள் வேலையிடத்துக்கு வந்துசேரும் வழியை மட்டும் அவரவர் பாடு என்று விட்டுவிட்டோம். இது முறையன்று.

பள்ளிபாளையம், குமாரபாளையம், இளம்பிள்ளைப் பகுதிகளின் நெசவுத் தொழிலுக்குச் சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து நாள்தோறும் ஆட்கள் வருகின்றனர். ஒரு தறிக்கூடத்தில் நான் கண்டதைச் சொல்கிறேன். இரவு எட்டு மணிக்கு ஷிப்டு முடியும். கிராமத்துக்குப் போகும் கடைசிப் பேருந்தோ அதற்குச் சற்று முன்பே புறப்பட்டுவிடும். அதைப் பிடிப்பதற்காகச் சகோதரி ஒருவர் அரைமணி முன்னதாகவே தறியை விட்டுச் செல்கிறார். மீட்டர்க் கணக்கில் கூலி பெறும் அவருக்கு அது கூலி நஷ்டம்; கூடத்துக்கு உற்பத்தி நஷ்டம். மரவள்ளி வெட்டச் செல்வோரின் நிலைமை இன்னும் கஷ்டமானது. சரக்கு வண்டியில் நெருக்கி ஏற்றப்படுகின்றனர். சட்டம் இதை அனுமதிப்பதில்லை. விபத்து நேர்ந்தால் நஷ்டஈடு பெறுவதும் சிக்கலாகிவிடுகிறது.

2021ஆம் ஆண்டு மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பிரயாணம் செய்கின்றனர். இது பெரிய அனுகூலம். எனினும் பேருந்து நேரமும் வேலை நேரமும் பொருந்தாவிடில், மிச்சமான காசு ஷேர் ஆட்டோவுக்கே போய்விடும்.

ஆகவே ஒவ்வொரு சங்கமும் ஒரு பிரயாணத் திட்டம் வகுக்க வேண்டும் என்பது என் யோசனை. முதலாவதாக, ஒரு பதிவேடு வேண்டும். யார், எந்த ஊரிலிருந்து, எத்தனை மணிக்கு, எதில் வருகிறார், என்ன செலவாகிறது என்பதை அதில் குறிக்க வேண்டும். இரண்டாவதாக, கால்மணி நேர மாற்றத்தால் பேருந்து கிடைக்குமானால், ஷிப்டு நேரத்தையே மாற்றலாம். இதற்குக் காசு செலவில்லை. மூன்றாவதாக, பதிவேட்டுக் கணக்குடன் அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் சேலம் கோட்டத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். நான்காவதாக, பேருந்து செல்லாத ஊர்களுக்கு, ஆட்களை ஏற்ற உரிமம் பெற்ற வேனை வாடகைக்கு அமர்த்தி, செலவைக் கூட உரிமையாளர், சங்கம், தொழிலாளர் மூவரும் பகிர்ந்துகொள்ளலாம். சைக்கிள் கொட்டகையும் நிறுத்தத்தில் ஒரு விளக்கும் இவற்றோடு சேர வேண்டும்.

"இது சர்க்கார் பார்க்க வேண்டிய வேலையல்லவா?" என்று சிலர் கேட்கலாம். பேருந்து விடுவது சர்க்காரின் வேலைதான். ஆனால் எந்த வழியில், எத்தனை மணிக்கு, எத்தனை பேர் என்று நாம் சொல்லாமல் அவர்களுக்கு எப்படித் தெரியும்? தனிமனிதரின் முறையீடு காகிதத்தோடு நின்றுவிடும். நாற்பது பெயர்கள் கொண்ட பதிவேட்டை எளிதில் ஒதுக்க இயலாது.

தொழிலாளியின் போக்குவரத்தில் முதலாளிக்கும் பொறுப்புண்டு என்பது உலகம் ஏற்ற கொள்கை. பிரேசில் நாட்டில் 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி, அடிப்படைச் சம்பளத்தில் நூற்றுக்கு 6 பங்குக்கு மேற்படும் பிரயாணச் செலவை முதலாளியே ஏற்கிறார். நம் சென்னை உயர்நீதிமன்றமும் 2000ஆம் ஆண்டில், பெண்கள் தொழிற்சாலைகளில் இரவு வேலை செய்வதற்கிருந்த தடையை நீக்கியபோது, வாகன வசதியை நிபந்தனைகளுள் ஒன்றாக வைத்தது. சிறு கூடங்களிலும் நியாயம் வேறாகாது.

அங்கத்தினர்களே! அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்திலேயே பதிவேட்டைத் தொடங்குங்கள். மூன்று மாதம் நடத்திப் பார்த்துக் குறைகளைத் திருத்துங்கள். நெய்தவர் இருட்டுமுன் வீடு சேர இயலாவிடினும், பத்திரமாக வீடு சேர்ந்தார் என்று சொல்லும் நிலையையாவது நம் சங்கம் உண்டாக்கட்டும்.