டென்த் என்றால் எவ்வளவு?

மான்மவுத் ஜங்ஷனுக்குப் புதிதாக வந்து, மெஷின் ஷொப் வேலைக்கு மனுப் போட்டிருக்கும் நம்மவர்களுக்காக இம்முறை எழுதுகிறோம். ஊரில் லேத் பிடித்த கை இங்கேயும் பிடிக்கும். தடுமாற வைப்பது கருவி அல்ல, அங்கே வழங்கும் பேச்சுத்தான்.

பள்ளிக்கூடத்தில் வேணியர் இடுக்கிமானி, நுண்மானித் திருகுக் கணிச்சி என்று படித்தோமே, அவை இங்கே கலிப்பர், மைக். அளவு பெரும்பாலும் அங்குலத்தில். மெட்ரிக் முறைக்கு மாற 1975இல் அமெரிக்கா சட்டம் செய்தது. ஆனால் அதை அவரவர் விருப்பத்துக்கு விட்டதால் பட்டறைகள் பல அங்குலத்தைக் கைவிடவில்லை. அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்து ஒரு பங்கை 'தௌ' என்கிறார்கள். அரை அங்குலம் 'ஃபைவ் ஹண்ட்ரட் தௌ'. நமது தச்சர்கள் அங்குலத்தை எட்டு நூலாக்குவார்களே, அதில் ஒரு நூல் 125 தௌ.

வில்லங்கம் 'டென்த்' என்ற சொல்லில் இருக்கிறது. பள்ளிக் கணக்கில் அது பத்தில் ஒன்று. பட்டறையில் அது ஒரு தௌவின் பத்தில் ஒன்று, அதாவது அங்குலத்தின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. மேற்பார்வையாளர் "இன்னும் இரண்டு டென்த் எடு" என்றால் அவர் கேட்பது 0.0002 அங்குலம். நாம் 0.2 என்று விளங்கிக்கொண்டால் ஆயிரம் மடங்கு அதிகம். துண்டு குப்பைக்குப் போகும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமென்றால் வேலையும் போகலாம்.

'மில்' இன்னொன்று. ஊரில் மில்லிமீற்றரைத்தான் அப்படிச் சுருக்குவோம். இங்கே பொலித்தீன், பெயின்ற், முலாம் ஆகியவற்றின் தடிப்பைச் சொல்லும்போது மில் என்பது அதே தௌ. ஒரு மில்லிமீற்றருக்குள் ஏறத்தாழ 39 மில் அடங்கும்.

அங்குல மைக்கின் திருகில் அங்குலத்துக்கு 40 புரி. ஆகவே ஒரு சுற்று 25 தௌ. அசையாத குழலில் 2 என்ற இலக்கமும் அதற்கப்பால் ஒரு சிறு கோடும் தெரிந்து, சுழலும் உறையில் 7 நேராக நின்றால், 200, 25, 7 எனக் கூட்டி 232 தௌ. மெட்ரிக் மைக்கில் பழகிய கண் அந்தச் சிறு கோட்டை அரை மில்லிமீற்றர் என்று எண்ணிவிடும். அது 0.635 மில்லிமீற்றர்.

அளக்குமுன் முகங்களைத் துடைத்து, மூடி, பூச்சிய வழு உண்டா என்று பாருங்கள். நுனியிலுள்ள சிறு குமிழைத் திருகி, அது 'கிளிக்' என்றதும் நிறுத்துங்கள். குறடுபோல இறுக்கினால் (நாமும் வந்த புதிதில் இறுக்கினோம்) அளவு குறைவாகக் காட்டும், கருவியும் கெடும்.

ஓர் அங்குலம் சரியாக 25.4 மில்லிமீற்றர், 1959 முதல் அதுவே உடன்பாடு. சட்டைப்பைக் கொப்பியில் எழுதி வையுங்கள். வாயால் சொன்ன அளவு விளங்காவிட்டால், தசமப் புள்ளியோடு எழுதித் தரும்படி கேளுங்கள். அடுத்த முறை துளைகளை அளக்கும் கருவிகளைப் பார்ப்போம்.