திரிக்குச் சட்டம், கண்ணாடிக்கு?

அமெரிக்காவில் டார்கெட் என்னும் பெரிய வியாபாரக் கம்பெனி, தான் விற்ற வாசனை மெழுகுவர்த்திகளில் சுமார் 49 லட்சத்தை 2023-ம் வருஷம் மே மாதம் வாபஸ் வாங்கியது. கண்ணாடிக் குவளையில் மெழுகை வார்த்துச் செய்த வர்த்திகள் இவை. எரியும்போதே குவளை விண்டு உடைந்ததாக 137 புகார்கள் வந்திருந்தன. குறைந்தது ஆறு பேர் காயமடைந்திருந்தனர். அதே வருஷம் ஆகஸ்டில் மேலும் சுமார் 22 லட்சம் வர்த்திகளை அக்கம்பெனி வாபஸ் வாங்க நேர்ந்தது. வாங்கியவர்களுக்கு முழுப் பணமும் திருப்பித் தரப்படும் என்று அறிவிக்கப்பட்டது.

பணம் திரும்பியதுடன் விஷயம் முடிந்ததென்று சிலர் கருதலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. மே மாதத்தில் வாபஸான வர்த்திகள் 2019 ஆகஸ்டு முதல் 2023 மார்ச்சு வரை விற்கப்பட்டவை. அதற்குள் வீடுகளில் எரிந்து தீர்ந்தவற்றை எந்த அறிவிப்பு வாபஸ் வாங்கும்? தொழிற்சாலையில் நடந்திருக்க வேண்டிய சோதனை, ஜனங்களின் வீட்டு மேஜை மீது நடந்திருக்கிறது.

குவளை உடைவது தெய்வச் செயலன்று. வார்த்த கண்ணாடியை மெல்ல மெல்ல ஆறவிட்டுப் பதப்படுத்த வேண்டும். அவசரமாய்க் குளிர்ந்த கண்ணாடிக்குள் இறுக்கம் தங்கிவிடுகிறது. ஒரு பக்கம் மட்டும் சூடேறினால் அது விண்டுபோகிறது. திரி நடுவில் நில்லாமல் ஓரம் சாய்ந்தாலும், மெழுகு அடிவரை எரிந்தாலும் அபாயம் மிகும். அரை அங்குலம் மெழுகு எஞ்சும்போதே அணைத்துவிட வேண்டுமென்று உற்பத்தியாளர்கள் உபதேசிக்கின்றனர். உபதேசம் நல்லதே. ஆனால் வாங்குபவனின் ஜாக்கிரதை, செய்பவனின் கடமைக்கு ஈடாகாது.

இத்தகைய குவளைகளுக்கு ஏ.எஸ்.டி.எம். ஸ்தாபனம் விதிகள் வகுத்திருக்கிறது. அவை கட்டாய விதிகள் அல்ல. விரும்பும் கம்பெனி அனுசரிக்கலாம். வியாபாரிகளின் நல்லெண்ணமே போதும் என்பது இதன் தத்துவம். இத்தத்துவம் எத்தகையதென்பதை மெழுகுவர்த்தியின் சரித்திரமே காட்டிவிட்டது. திரியில் ஈயம் சேர்ப்பதில்லை என்று அந்நாட்டு உற்பத்தியாளர்கள் 1974-ல் தாமாகவே வாக்களித்தனர். கால் நூற்றாண்டுக்குப் பிறகும் ஈயத்திரி வர்த்திகள் கடைகளில் அகப்பட்டன. அதன் புகையைச் சுவாசிக்கும் குழந்தைகளுக்குத் தீங்கு என்று கண்ட நுகர்பொருள் பாதுகாப்புக் கமிஷன், 2003-ல் அவற்றைச் சட்டபூர்வமாகத் தடை செய்தது. வாக்குறுதி சாதிக்காததைச் சட்டம் செய்ய வேண்டியதாயிற்று.

49 லட்சத்தில் 137 அற்பமல்லவா என்று கேட்பவருக்கு நமது பதில் இது: கையறுபட்டவனுக்கு அவன் கை ஒன்றுதான். மேலும், எழுதித் தெரிவித்தவர்களின் கணக்கே அது.

2025-ம் வருஷம் அக்கமிஷனின் அங்கத்தினர் மூவரை ஜனாதிபதி டிரம்ப் நீக்கினார். வழக்கு முடியுமுன்பே அந்நீக்கம் அமுலாவதற்கு அவ்வருஷம் ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு இடங்கொடுத்தது. காவற்காரனின் உத்தியோகமே நிச்சயமற்றிருந்தால், ஜனங்களின் பாதுகாப்பு எங்ஙனம் நிச்சயப்படும்? கமிஷனைப் பலவீனப்படுத்துவது, நல்லெண்ணத் தத்துவத்துக்கே மறுபடியும் பட்டங்கட்டுவதாகும்.

திரிக்கு ஒரு நீதி, கண்ணாடிக்கு ஒரு நீதி என்பது தகாது. குவளைக்கான விதிகளை அமெரிக்க சர்க்கார் கட்டாயச் சட்டமாக்க வேண்டும். விற்ற பின் வாபஸ் வாங்குவது பரிகாரம். விற்குமுன் சோதிப்பதே தர்மம்.