ஊக்கம் கிலோ என்ன விலை?

கல்லூரிகளில் வருடத்துக்கு ஒரு தடவையாவது அந்த நிகழ்ச்சி நடக்கும். கோட் போட்ட ஒருவர் மேடையேறி "உங்களால் முடியும்!" என்று கத்துவார். கூட்டமும் திருப்பிக் கத்தும். எடிசன் எத்தனை தடவை தோற்றார் என்ற கதை கட்டாயம் வரும் (எண்ணிக்கை மட்டும் ஆளுக்கு ஆள் மாறும்). கைதட்டல், சான்றிதழ், டீ, பிஸ்கட். மறுநாள் முதல் பீரியடில் பார்த்தால் கடைசி பெஞ்ச் கடைசி பெஞ்சாகவே இருக்கும்.

பேச்சாளரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் வாங்கிய காசுக்குப் பேசிவிட்டுப் போகிறார். ஆனால் சோர்ந்து கிடக்கும் ஒருவனை எழுப்பி உட்கார வைக்கப் பேச்சு போதுமா என்பதுதான் கேள்வி. பதில் தேட அமெரிக்கா வரை போக வேண்டாம். சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி வரை போனால் போதும்.

வடநெம்மேலி என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது முதலைப் பண்ணை. 1976ல் ஆரம்பித்தது. பள்ளிக்கூட டூரில் போகாதவர்கள் குறைவு. அந்த வளாகத்துக்குள்ளேயே இன்னொரு இடமும் இருக்கிறது: இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவு சங்கம். முதலையைப் பார்த்த கையோடு பஸ் ஏறிவிடுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

செங்கல்பட்டு வட்டாரத்து இருளர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாம்பு பிடித்தவர்கள். மண்ணில் விழுந்த லேசான கோடு, ஒரு துண்டு சட்டை, கொஞ்சம் எச்சம், இவ்வளவு போதும். எந்தப் பாம்பு, எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். ஒரு காலத்தில் அந்தப் பாம்புகள் தோலுக்காகப் போயின. வெளிநாட்டில் அவை பெல்ட்டாகவும் கைப்பையாகவும் மாறின. லாபம் யாருக்குப் போயிருக்கும் என்று வணிகவியல் படிக்காதவர்களும் சொல்லிவிடலாம்!

1972ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அடுத்த சில வருடங்களில் தோல் வியாபாரம் மூடப்பட்டது. சட்டம் சரியான சட்டம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஓர் இருளர் குடும்பத்தின் பக்கம் நின்று பாருங்கள். அப்பாவுக்குத் தெரிந்த ஒரே தொழில், தாத்தா கற்றுக் கொடுத்த தொழில், குற்றமாகிவிட்டது. நாளைக்கு "டேலி தெரிந்தவர்களெல்லாம் குற்றவாளிகள்" என்று அரசாங்கம் அறிவித்தால் பி.காம் மாணவர்கள் கதி என்ன?

அந்த நேரத்தில் அவர்களிடம் போய் "மனதைத் தளரவிடாதீர்கள்" என்று பேசியிருந்தால் என்ன நடந்திருக்கும்? மரியாதைக்குக் கேட்டுவிட்டு எழுந்து போயிருப்பார்கள். ரோமுலஸ் விட்டேக்கர் அப்படிப் பேசவில்லை. சென்னையில் பாம்புப் பண்ணையை ஆரம்பித்தவர், இருளர்களோடு காடு மேடெல்லாம் சுற்றியவர் அவர். அவரும் இருளர்களும் சேர்ந்து பிடித்த விஷயம் எளிமையானது: தோலை ஒரு தடவைதான் உரிக்க முடியும், விஷத்தைப் பல தடவை எடுக்கலாம், பாம்பும் சாகாது. 1978ல் சங்கம் பதிவானது.

வேலை நடக்கும் விதம் சுவாரசியமானது. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நான்கு வகைகள் மட்டும் பிடிக்க அனுமதி. எத்தனை பிடிக்கலாம் என்பதற்கும் அரசாங்கத்தின் கணக்கு உண்டு. பிடித்து வந்த பாம்பு மண்பானைக்குள் போகும், வாயில் துணி கட்டப்படும். மூன்று நான்கு வாரங்கள் அங்கே விருந்தாளி. வாரத்துக்கு ஒரு தடவை விஷம் எடுப்பார்கள். பிறகு வயிற்றுப் பக்கச் செதிலில் ஓர் அடையாளம் வெட்டிக் காட்டில் விட்டுவிடுவார்கள். அதே பாம்பு மறுபடி கையில் சிக்கினால் அடையாளத்தைப் பார்த்து அங்கேயே விட்டுவிட வேண்டியதுதான். பிடித்து வந்தவருக்குப் பாம்பின் வகைக்கு ஏற்ற விலை. ஆரம்பத்தில் விரல் விட்டு எண்ணக்கூடிய குடும்பங்கள். பிறகு உறுப்பினர்கள் முந்நூறைத் தாண்டினார்கள்.

எடுத்த விஷம் உறைய வைத்து உலர்த்திப் பொடியாக மருந்து கம்பெனிகளுக்குப் போகிறது. அங்கே குதிரைகளுக்கு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்தி, அவற்றின் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்தெடுத்து விஷமுறிவு மருந்தாக்குகிறார்கள். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் வருடத்துக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்திருக்கிறார்கள் என்று 2020ல் வந்த ஆய்வு சொல்கிறது. மருந்து கிடைத்துப் பிழைத்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் பெரும்பாலோர் உடம்பில் ஏறிய மருந்துக்கு மூலப்பொருள் வடநெம்மேலிப் பானைகளிலிருந்து போனதாக இருக்கும்.

மேலாண்மைப் பாடத்தில் ஹெர்ஸ்பெர்க் என்றொருவர் வருவார். ஐந்து மார்க் கேள்வி. சம்பளமும் பாதுகாப்பும் இல்லையென்றால் மனிதன் நொந்துபோவான். ஆனால் அவை இருந்துவிட்டால் மட்டும் உற்சாகம் வராது, சாதித்தோம் என்ற உணர்வும் நாலு பேர் மதிப்பதும் வேண்டும் என்று 1959லேயே எழுதினார். மனப்பாடம் செய்து எழுதிவிட்டு மறந்துவிடுகிறோம். சங்கம் இந்த இரண்டையுமே செய்தது. புதுத் தொழில் எதையும் அவர்களுக்குக் கற்றுக் கொடுக்கவில்லை. "இனி நீங்கள் கூடை பின்னுங்கள்" என்று சொல்லவில்லை. அவர்கள் கையில் ஏற்கெனவே இருந்த வித்தைக்கு ஓர் இடத்தையும் விலையையும் பதிவேட்டையும் உண்டாக்கியது. அடுத்தவரை ஊக்கப்படுத்துகிறேன் என்று கிளம்பும் நம்மில் பலர் தவறுவது இங்கேதான். அவனிடம் இல்லாததைப் பட்டியல் போட்டுக் காட்டுகிறோம். இருப்பதைக் கேட்பதே இல்லை.

அமெரிக்கா வரை போக வேண்டாம் என்று சொன்னோம் அல்லவா? அமெரிக்காவே இங்கே வந்தது. ஃபுளோரிடாவின் சதுப்புக் காடுகளில் பர்மிய மலைப்பாம்புகள் பெருகி அங்கிருந்த சிறு விலங்குகளைக் காலி செய்துகொண்டிருந்தன. போட்டிகள் வைத்தும், கருவிகளைக் கட்டியும் பார்த்தார்கள். 2017 ஜனவரியில் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்களையும் இரண்டு மொழிபெயர்ப்பாளர்களையும் வரவழைத்தார்கள். இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகள்! அதில் ஒன்று 16 அடிப் பெண் பாம்பு. பாம்பு தேடுகிறவர்கள் பலரும் ரோட்டோரமாக வண்டியில் போய்ப் பார்ப்பது அங்கே வழக்கம். இவர்கள் இறங்கி நடந்து புதருக்குள் நுழைந்தார்கள். செங்கல்பட்டு வயல்வெளியில் செய்ததைத்தான் அங்கேயும் செய்தார்கள், ஊர்தான் வேறு. 2023ல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அந்தச் செய்தியைப் படித்த ஓர் இருளர் வீட்டுப் பையனுக்கு எந்தப் பேச்சாளரும் தர முடியாத ஒன்று கிடைத்திருக்கும். தன் அப்பா என்ன வேலை செய்கிறார் என்று வகுப்பில் கேட்டால், இனி தலை குனிய வேண்டியதில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு வடநெம்மேலியில் பாலும் தேனும் ஓடுகிறது என்று நினைத்துவிட வேண்டாம். பாம்பு பிடிப்பதற்கான அரசு அனுமதி தாமதமான காலங்களில் பானைகள் காலியாகக் கிடந்திருக்கின்றன. அந்த மாதங்களில் உறுப்பினர்கள் என்ன செய்வார்கள்? கிடைத்த கூலி வேலைக்குப் போவார்கள். மேடையில் பட்டம், மேஜையில் ஃபைல். இப்படி இருந்தால் அடுத்த தலைமுறை இந்த வித்தையைக் கற்றுக்கொள்ள ஏன் மெனக்கெடப் போகிறது? பையன்கள் கம்பெனி வேலைக்குப் போவதைச் சோம்பேறித்தனம் என்று யாரும் சொல்ல முடியாது. உத்தரவு நேரத்துக்கு வந்தால் பாதிப் பிரச்சினை தீரும், இதற்குப் பெரிய செலவும் கிடையாது.

இன்னொரு விஷயம். ஒரே வகைப் பாம்பாக இருந்தாலும் ஊருக்கு ஊர் விஷம் மாறுகிறது, தமிழ்நாட்டு விஷத்தை வைத்துத் தயாரித்த மருந்து வடக்கே எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். அப்படியானால் மற்ற மாநிலங்களிலும் விஷம் சேகரிக்கும் மையங்கள் வேண்டும். அங்கே பாம்பைக் கொல்லாமல் பிடிக்க, பானையில் வைத்துப் பார்த்துக்கொள்ள, திருப்பி விட, யார் கற்றுக் கொடுப்பது? செங்கல்பட்டிலிருந்து இருளர்களை அனுப்பலாம். சம்பளம் நிர்ணயித்து, பயணப்படி கொடுத்து, சட்டைப் பையில் "பயிற்சியாளர்" என்ற அடையாள அட்டையோடு.