இரண்டாவது கையெழுத்து

நாற்காலி கொடுத்தாச்சே, இன்னும் என்ன வேணும் என்று நம்மைப் பார்த்துக் கேட்கிறார்கள். 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். தில்லியிலும் கோட்டையிலும் குவிந்துகிடந்த அதிகாரம் கிராமம்வரைக்கும் இறங்கிவிட்டதாம். ஊராட்சித் தலைவர் பதவியில் நம் மக்கள்தொகைக்கு ஏற்ற பங்கு சட்டத்திலேயே எழுதப்பட்டுவிட்டதாம். எழுதப்பட்டது உண்மைதான். ஆனால் இப்படிக் கேட்கிறவர்களில் ஒருவர்கூட ஊராட்சி மன்றத்தின் வங்கிக் கணக்கைப் பார்த்தவர் இல்லை. நான் பார்த்திருக்கிறேன். பகலில் வங்கியில் எழுத்தர் வேலை பார்க்கிறவன் நான். கவிதையும் இந்தப் பத்திரிகையும் ராத்திரி வேலை.

ஊராட்சிக் கணக்கிலிருந்து ஒரு ரூபாய் எடுக்கவேண்டுமானாலும் தலைவர் கையெழுத்து மட்டும் போதாது. துணைத்தலைவரும் போடவேண்டும். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994 செய்துவைத்திருக்கும் ஏற்பாடு இது. ஒருத்தர் மட்டும் பணத்தைச் சுருட்டிவிடக்கூடாது என்பதற்காக வைத்த பூட்டு. பூட்டு வைத்ததில் தப்பில்லை. இரண்டாவது சாவி யாரிடம் இருக்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. தலைவரை ஊராட்சி முழுவதும் சேர்ந்து நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறது. துணைத்தலைவரை உறுப்பினர்கள் தங்களுக்குள்ளிருந்து தேர்ந்தெடுக்கிறார்கள். தலைவர் பதவிக்கு ஒதுக்கீடு உண்டு, துணைத்தலைவர் பதவிக்குக் கிடையாது. ஒன்பது வார்டு உள்ள ஒரு தனி ஊராட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். சேரிக்கு இரண்டு வார்டு, மிஞ்சிப்போனால் மூன்று. மீதி ஆறும் ஊர்த்தெரு. துணைத்தலைவர் எந்தத் தெருவிலிருந்து வருவார் என்று கண்டுபிடிக்க ஜோசியம் பார்க்கவேண்டியதில்லை.

எங்கள் கிளைக்கு ஒரு தலைவர் வருவார். நம்ம பெண். நூறுநாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். குடிதண்ணீர் மோட்டார் எரிந்துபோய் காயில் கட்டக் கொடுத்திருந்தார், எட்டாயிரத்துச் சொச்சம். காசோலையில் ஒரு கையெழுத்துதான் இருந்தது. "இன்னொரு கையெழுத்து வேணுமேம்மா" என்றேன். "நாளைக்குப் போடறேன்னு சொன்னாரு சார். அறுப்பு ஓடுதாம்" என்றார். அடுத்த வாரமும் வந்தார். "தீர்மானப் புத்தகத்தைக் கொண்டான்னாரு. கொண்டு போனேன். வெளியூரு போயிட்டாருன்னு வீட்டுல சொன்னாங்க. வண்டி வாசல்லதான் நின்னுச்சு." மூன்றாவது வாரம் கையெழுத்தோடு வந்தார். கையெழுத்துக்கு என்ன விலை கொடுத்தார் என்று நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். அடுத்த தெருவிளக்குக் கம்பம் எங்கே நடவேண்டும் என்று துணைத்தலைவர் சொல்லியனுப்பியிருந்தாராம். மோட்டார் ஓடாத அந்த மூன்று வாரமும் சேரிப் பெண்கள் வயக்காட்டுப் பம்புசெட்டில் தண்ணீர் பிடித்திருக்கிறார்கள். பம்புசெட்டு யாருடையது என்று நான் சொல்லவேண்டியதில்லை.

இதில் ரத்தம் இல்லை, அடிதடி இல்லை, சாதிப் பேரைச் சொல்லித் திட்டினார் என்றுகூட எழுத வழியில்லை. ஒருத்தர் பேனாவைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். இப்போது பணப்பட்டுவாடா கணினிக்கு மாறிவிட்டது. காசோலைத் தாள் போய்விட்டதே தவிர இரண்டாவது கையெழுத்து போகவில்லை. அது மின்கையொப்பமாக அதே வீட்டு அலமாரியில் இருக்கிறது.

சரி, தலைவர் நம்மவர்தானே என்கிறீர்களா? அவரைத் தேர்ந்தெடுத்தது யார்? தனித்தொகுதியில் நிற்பவர் மட்டும்தான் நம்மவர். ஓட்டு ஊர் முழுவதற்கும். ஓட்டில் பெரும்பான்மை ஊர்த்தெருவிடம் இருக்கிற ஊராட்சியில் நம்மில் யார் தலைவர் என்பதை ஊர்க்கூட்டம் தீர்மானிக்கிறது. தன் களத்தில் கூலிக்கு நிற்கிறவனை, தன்னிடம் கடன்பட்டவனை நிறுத்துகிறது. எதிர்த்து நிற்கத் துணிகிற நம்ம பிள்ளைக்கு நம் தெரு ஓட்டு மட்டும் விழுகிறது. 1932 செப்டம்பர் 24இல் பூனாவில் கையெழுத்தான ஒப்பந்தத்தை நாம் ஏதோ சரித்திரப் பாடம் என்று நினைக்கிறோம். வகுப்புவாரித் தீர்ப்பு நமக்குக் கொடுத்திருந்தது தனித் தொகுதியில் ஒரு ஓட்டு, பொதுத் தொகுதியில் இன்னொரு ஓட்டு. அந்த இரட்டை ஓட்டைப் பறித்துக்கொண்டு பொது ஓட்டில் தனி இடம் என்று ஆக்கியது பூனா. அந்த ஏற்பாட்டின் கிராமத்துப் பதிப்புதான் தனி ஊராட்சி.

பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல். மதுரை மாவட்டத்தில் மூன்று, விருதுநகர் மாவட்டத்தில் ஒன்று. 1996இலிருந்து பத்தாண்டு காலம் இந்த ஊர்களில் தேர்தல் அறிவிப்பார்கள், மனுத்தாக்கல் இருக்காது. அல்லது ஊர்க்கூட்டம் நிறுத்திய ஒருவர் ஜெயித்து, பதவியேற்ற சூட்டோடு ராஜினாமா எழுதிக் கொடுப்பார். சட்டப்படி தேர்தல் நடந்தது, சட்டப்படி ராஜினாமா ஏற்கப்பட்டது. சட்டப்படியே சனநாயகம் நாறியது. 2006 அக்டோபரில்தான் நான்கிலும் தேர்தல் நடந்து தலைவர்கள் பதவியில் நிலைத்தார்கள். கருணாநிதி அரசு சென்னைக்குக் கூப்பிட்டு விழா எடுத்தது. 2021 அக்டோபர் 2ஆம் தேதி முதலமைச்சர் ஸ்டாலினே பாப்பாபட்டி கிராமசபையில் போய் உட்கார்ந்தார். போனதை வரவேற்கிறோம். ஆனால் அந்தப் பத்தாண்டில் அரசியல் சட்டத்தையே முடக்கிவைத்தவர்களிடம் எந்தக் கட்சி போய் நீங்கள் செய்வது குற்றம் என்று முகத்துக்கு நேரே சொன்னது? ஓட்டு இருக்கிற தெருவில் எவனும் வாயைத் திறக்கமாட்டான்.

மேலவளவை இதோடு சேர்த்துத்தான் நினைக்கவேண்டும், வேறு காரணத்துக்காக. 1996இல் மிரட்டலால் வேட்புமனுக்கள் திரும்பப் பெறப்பட்டன. டிசம்பர் 28இல் நடந்த வாக்குப்பதிவில் வாக்குப்பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். டிசம்பர் 31இல் போலீஸ் காவலோடு நடந்த தேர்தலில் முருகேசன் தலைவரானார். ஊராட்சி அலுவலகத்துக்குள் அவரை உட்காரவிடவில்லை. 1997 ஜூன் 30ஆம் தேதி மதுரையில் ஆட்சியர் அலுவலகம் போய்விட்டுப் பேருந்தில் திரும்பும்போது அவரையும் சேர்த்து ஆறுபேரை வெட்டிக் கொன்றார்கள். அந்த ஆறுபேரில் மூக்கன் ஒருவர். அவர் யாரென்று பலபேர் மறந்துவிட்டோம். மூக்கன்தான் துணைத்தலைவர். மேலவளவில் இரண்டாவது கையெழுத்தும் நம்முடையதாக இருந்தது. பேனாவை மூடிவைத்துத் தடுக்க அவர்களுக்கு அங்கே வழியில்லை. அருவாள் வந்தது. கண்மாய் மீன்பாசி ஏலமும் மரங்களின் ஏலமும் எந்தத் திண்ணையில் நடக்கவேண்டும் என்று யார் சொல்வது? தலைவர் பதவி என்பது அவர்கள் கணக்கில் இதுதான்.

2001இல் சேலம் நீதிமன்றம் 17 பேருக்கு ஆயுள்தண்டனை கொடுத்தது. உயர்நீதிமன்றமும் உச்சநீதிமன்றமும் அதை உறுதிசெய்தன. 2008இல் மூன்று பேரை அண்ணா நூற்றாண்டைச் சொல்லி விட்டார்கள். 2019 நவம்பரில் 13 பேரை எம்.ஜி.ஆர். நூற்றாண்டைச் சொல்லி விட்டார்கள். இந்த ஒரு விஷயத்தில் இரண்டு கழகத்துக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

அம்பேத்கர் 1948 நவம்பர் 4இல் அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தைப் பற்றிச் சொன்னதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அதற்குப் பதினாறு வருசம் முன்பே, பூனா ஒப்பந்தத்தின் ஈரம் காயாத 1932 அக்டோபரில், பம்பாய் சட்டமன்றத்தில் கிராமப் பஞ்சாயத்து மசோதாவை எதிர்த்துப் பேசியவர் அவர். கிராமத்துக்கு அதிகாரம் போவது என்றால் அங்கே ஏற்கனவே அதிகாரம் வைத்திருக்கிறவன் கைக்குப் போவது என்று பார்த்தார். ஒடுக்கப்பட்டவர்களுக்கு உரிய இடம் இல்லாத பஞ்சாயத்தை ஏற்கமாட்டேன் என்றார். இடம் இன்று இருக்கிறது. அது போதாமல் போன கதையை நாம் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

இங்கே ஒரு சிக்கல், அதைப் பேசாமல் தாண்டமுடியாது. துணைத்தலைவர் கையெழுத்துப் போடவில்லை என்று ஆட்சியரிடம் மனுக் கொடுக்கிறோம். அவர் நல்லவராக இருந்தால் கையெழுத்து அதிகாரத்தை எடுத்து வட்டார வளர்ச்சி அலுவலர் கையில் கொடுப்பார். மோட்டார் ஓடும், தண்ணீர் வரும். ஆனால் நம் தலைவர் மறுபடியும் மனுக் கொடுக்கிறவராக ஆகிவிடுகிறார். அதே சட்டத்தின் 205ஆம் பிரிவு தலைவரையே நீக்குகிற நடவடிக்கையை ஆட்சியர் கையில் கொடுத்திருக்கிறது என்பதையும் மறக்கவேண்டாம். ஊருக்குப் பயந்து அதிகாரியிடம் ஓடுவது, அதிகாரிக்குப் பயந்து ஊரிடம் திரும்புவது. அதிகாரப் பரவல் வேண்டாம், தில்லியே ஆளட்டும் என்று நம்மில் சில படித்தவர்கள் சலித்துச் சொல்கிறார்கள். அவர்கள் கோபம் புரிகிறது. அந்த முடிவை நான் ஏற்கவில்லை. தில்லியில் உட்கார்ந்திருப்பவனும் சேரியில் பிறந்தவன் இல்லை.

கோட்டையில் இருப்பவர்களையும் கேட்கவேண்டியிருக்கிறது. 1969இல் ராஜமன்னார் குழு, 1974இல் மாநில சுயாட்சித் தீர்மானம், 2025இல் குரியன் ஜோசப் குழு என்று தில்லியிடம் அதிகாரம் கேட்பதில் தமிழ்நாடு சளைத்ததே இல்லை. கேட்கவேண்டியதுதான், நாமும் சேர்ந்து கேட்போம். ஆனால் உள்ளாட்சிக்குத் தேர்தல் வைப்பதென்றால் மட்டும் கை நடுங்குகிறது. 1986க்குப் பிறகு அடுத்த தேர்தல் 1996இல். 2016 அக்டோபரில் நடக்கவேண்டியதை உயர்நீதிமன்றம் ரத்து செய்தபிறகு மூன்று வருசத்துக்குமேல் தனி அலுவலர்கள். 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களுக்கு, 2021 அக்டோபரில் மீதி ஒன்பதுக்கு. 2025 ஜனவரியில் 28 மாவட்ட ஊராட்சிகளின் காலம் முடிந்தபோது மறுபடியும் தனி அலுவலர்களே வந்தார்கள். ஒரு ஊராட்சி நமக்கென்று ஒதுக்கப்படுவதே பத்து வருசச் சுழற்சியில். தேர்தல் இல்லாமல் போகிற ஒவ்வொரு வருசமும் நமக்கு எவ்வளவு நட்டம் என்று வட்டிக் கணக்குப் போட்டால்தான் தெரியும்.

2020ஐயும் குறித்துவைக்கவேண்டும். திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் சுதந்திர தினத்தன்று தலைவரான தலித் பெண்ணைக் கொடி ஏற்றவிடவில்லை. செய்தி வெளியாகி, ஆட்சியர் வந்து நின்ற பிறகுதான் ஏற்றினார். கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சிக் கூட்டத்தில் மற்றவர்கள் நாற்காலியில், தலைவரான தலித் பெண் தரையில். அந்தப் படம் வெளிவந்ததால் நாடு பார்த்தது. கையெழுத்துப் போடாத பேனாவை எந்தப் புகைப்படக்காரனும் படம் எடுக்கமுடியாது.

கோரிக்கைகளுக்கு வருவோம். தலைவர் பதவி ஒதுக்கப்பட்ட ஊராட்சியில் துணைத்தலைவர் பதவியும் அதே பிரிவுக்கு ஒதுக்கப்படவேண்டும். மன்றம் தீர்மானம் போட்ட செலவுக்குத் துணைத்தலைவர் ஏழு நாளுக்குள் கையெழுத்துப் போடவேண்டும், மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடுக்கவேண்டும். இரண்டும் இல்லையென்றால் தீர்மான நகலோடு தலைவர் கையெழுத்து மட்டுமே செல்லும் என்று விதி வரட்டும். இதற்கு எந்த வங்கியும் ஆட்சேபிக்காது, கணக்கு நடத்தும் முறைக்கான அரசாணையும் மாதிரிக் கையெழுத்து அட்டையும்தான் எங்களுக்குத் தேவை. அடுத்தது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் கொண்டுவந்து 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள திருத்தம். ஊராட்சித் தலைவராக உள்ள பட்டியல் சாதியினரை அவர் வேலையைச் செய்யவிடாமல் தடுப்பதே குற்றம் என்று 3ஆம் பிரிவில் தனியாக எழுதியிருக்கிறது. காரணமில்லாமல் மாதக்கணக்கில் கையெழுத்தை நிறுத்திவைப்பது தடுப்பது இல்லையென்றால் வேறு என்ன? நம் வழக்கறிஞர்கள் இதை எடுத்து நடத்திப் பார்க்கவேண்டும். இரட்டை வாக்குரிமைக் கோரிக்கையை யாரும் பழசு என்று ஒதுக்கவேண்டாம். அதை முதலில் ஊராட்சிக்குத்தான் கேட்கவேண்டும்.

சட்டம் மாறுகிறவரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தேர்தல் வந்தால் நம் ஆட்கள் அத்தனை பேரும் ரோஸ் கலர் சீட்டுக்கே, தலைவர் பதவிக்கே, அடித்துக்கொள்கிறார்கள். ஒரே தெருவில் நாலு வேட்பாளர். வார்டு உறுப்பினருக்கான வெள்ளைச் சீட்டை எவரும் சட்டை செய்வதில்லை. துணைத்தலைவர் பிறப்பது அந்தச் சீட்டிலிருந்துதான். ஊர்த்தெருவிலும் வண்ணான், நாவிதர், குயவர், சிறு சாதிக்காரர்கள் இருக்கும் வார்டுகள் உண்டு. அவர்களோடு முன்கூட்டியே பேசி, யார் துணைத்தலைவர் என்பதைத் தேர்தலுக்கு முன்னாலேயே முடிவுசெய்துகொண்டு இறங்கவேண்டும்.

தலைவராக இருந்தவர்கள், இருக்கிறவர்கள் இந்த இதழுக்கு எழுதுங்கள். நடை பற்றிக் கவலை வேண்டாம், அஞ்சலட்டை போதும். எந்த வேலைக்கு, எவ்வளவு ரூபாய்க்கு, எந்தத் தேதியில் கையெழுத்துக் கேட்டீர்கள், எந்தத் தேதியில் கிடைத்தது, அல்லது கிடைக்கவேயில்லையா என்று மட்டும் எழுதுங்கள். பேரும் ஊரும் வெளிவராது. தேதியும் தொகையும் வெளிவரும்.